பழைய கார் என்றால் பழுதுக்கும் உரிமையா?

பழைய கார் வாங்கிய மூன்றாம் வாரமே இயந்திரம் பழுதாகிறது. 'உள்ளது உள்ளபடிதான் விற்றோம்' என்று கைவிரிக்கிறார் விற்பனையாளர். வாங்கியவர் விதியை நொந்துகொள்கிறார். ஆனால், சட்டம் அவரைக் கைவிட்டுவிடவில்லை.

சொந்தப் பயன்பாட்டுக்காக வணிகரிடம் பழைய வாகனம் வாங்குபவரும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுவதும், விபத்தை மறைப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைகளாகும். ஏமாற்றும் நோக்கம் தெளிவானால் காவல் துறையிலும் புகார் அளிக்கலாம். அதேவேளையில், நேரில் சோதித்தபோதே தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பின்னர் நிவாரணம் கோருவது கடினம்.

பழுதைச் சரிசெய்யும் முன், வேறொரு பணிமனையில் எழுத்துபூர்வ அறிக்கை பெறுவது அவசியம். விளம்பரம், ரசீது, குறுஞ்செய்திகள் அனைத்தும் சான்றுகளே. விற்பனையாளருக்குத் தபாலில் அறிவிக்கை அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம்.

பலனில்லையெனில், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய விலை ரூ.50 லட்சம் வரை அங்கு முறையிடலாம், ரூ.5 லட்சம் வரை கட்டணமில்லை. வசிக்கும் மாவட்டத்திலேயே, வழக்குரைஞர் இன்றியும் வழக்கு தொடுக்கலாம். பழுதுநீக்கம், பணத்தைத் திரும்பப் பெறுதல், இழப்பீடு ஆகியவற்றைக் கோரலாம்.

2023 ஏப்ரல் முதல், பழைய வாகன விற்பனையாளர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்பது விதி. முன்பணம் தரும் முன் அச்சான்றைக் கேட்பதே பின்னாளைய வழக்கைத் தவிர்க்கும் முதல் படி.