இழைக்கும் களைப்பு உண்டு

கர்நாடக எல்லையை அடுத்த ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில் பேளகொண்டப்பள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் அங்கே விமானம் கட்டிற்று. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் வகுத்து, 1993-இல் முதன்முதல் பறந்த ‘ஹன்சா’ என்னும் பயிற்சி விமானமும் அங்கே உருவாயிற்று. அதன் உடல் உலோகமன்று. இழையும் பிசினும் சேர்ந்த கலவை. இத்தகைய பொருள் களைப்படையுமா? களைப்படைந்தால் நாம் எவ்வாறு அறிவது? இவ்வினாக்களின் வரலாற்றையே நான் கூற விழைகிறேன்.

பொருளும் களைப்படையும் என்று நமக்கு உணர்த்தியது இரயில். 1842-இல் பிரான்சில் வெர்சேல்ஸ் அருகே வண்டியின் அச்சு முறிந்து பலர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் வோலர் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்தார். ஒரு முறையில் முறிக்க இயலாத சிறு பாரமும் பன்முறை வந்தால் இரும்பை முறிக்கும் என்று கண்டார். 1954-இல் ‘காமெட்’ விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியபோது உலகம் அப்பாடத்தை மீண்டும் கற்றது.

உலோகத்தில் பெரும்பாலும் ஒரு கீறல் தோன்றி வளரும். அதைத் தேடிப் பிடிக்கலாம். கரி இழைக் கலவையிலோ நுண்கீறல்கள் பல, உள்ளடுக்குகளில் மறைந்து பரவும். கடுங்குளிரில் பிசின் சுருங்கும்; இழையோ அதன் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. ஆகவே எவரும் பாரம் ஏற்றாமலே உள்ளே இழுபறி உண்டாகிறது.

1999 நவம்பரில் அமெரிக்காவின் எக்ஸ்-33 விண்ணூர்திக்கான கரி இழைத் தொட்டியில் திரவ ஹைட்ரஜனை நிரப்பிச் சோதித்தனர். அதன் குளிர், சுழிக்குக் கீழே 253 பாகை செல்சியஸ். நுண்கீறல்களின் வழியே ஹைட்ரஜன் சுவரின் தேன்கூட்டு அறைகளுக்குள் புகுந்தது. தொட்டியைக் காலி செய்தபின், சூடேறிய வாயு விரிந்து சுவரின் வெளித்தோலைப் பிய்த்தது. 2001-இல் திட்டமே கைவிடப்பட்டது.

இத்தகைய சேதத்தை முன்னரே அறிய வழியுண்டு. கரி இழை மின்சாரத்தைக் கடத்தும். அது அறுந்தால் மின்தடை கூடும். பொருளே தன் நோயைச் சொல்லுகிறது! கலவையினுள் மெல்லிய கண்ணாடி இழையைப் பதித்து, அதில் எதிரொளிக்கும் ஒளியின் அலைநீளத்தை அளப்பது மற்றொரு முறை. ஆனால், அந்த அளவுகளைக் குளிரும் மாற்றிவிடும். பாரத்தால் வந்த மாற்றம் எது, குளிரால் வந்த மாற்றம் எது என்று பிரித்தறிவதுதான் கடினம்.

நம் மகேந்திரகிரியில் திரவ ஹைட்ரஜன் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். அவற்றைக் கொண்ட ஊர்திகளின் தொட்டிகள் அலுமினியக் கலவையால் ஆனவை. கரி இழைத் தொட்டி எடையைக் குறைக்கும். ஆனால் அதன் களைப்பைக் காலத்தில் கேட்டறியும் வித்தை கைவந்தால்தான் அதை நம்பி ஏறலாம். மாணவர்களே, அவ்வித்தையில் நீங்கள் செய்வதற்கு நிரம்ப வேலை இருக்கிறது.