பெக்மடைட்டுகளில் டூர்மலினின் வேதியியல்

டூர்மலின் என்பது போரான் அடங்கிய வளைய சிலிக்கேட் கனிமக் குழு. கிரானைட் குழம்பு உறைந்து முடியும் தறுவாயில் நீர், போரான், லித்தியம், ஃபுளோரின் ஆகியவை எஞ்சிய குழம்பில் செறிகின்றன. அதிலிருந்து பெரும் படிகங்களுடன் உருவாகும் பெக்மடைட்டுகளே இக்கனிமத்தின் சிறந்த உறைவிடம்.

இதன் கட்டமைப்பில் 6 சிலிக்கன் அணுக்கள் ஒரு வளையமாக அமைகின்றன. உடன் 3 போரான் அணுக்களும், பெரும்பாலும் அலுமினியம் நிரப்பும் 6 இடங்களும் உள்ளன. இவை அதிகம் மாறுவதில்லை. மாற்றமெல்லாம் எஞ்சிய இரு வகை இடங்களில்தான். 3 இடங்கள் கொண்ட ஒரு வகையில் இரும்பு அமர்ந்தால் கருநிற ஷோர்ல், மக்னீசியம் அமர்ந்தால் டிராவைட், லித்தியமும் அலுமினியமும் சேர்ந்து அமர்ந்தால் எல்பைட். மற்றதான ஒற்றை இடத்தில் சோடியமோ கால்சியமோ இருக்கும், அல்லது அது காலியாகவே விடப்படும். மின்னூட்டம் சமன்பட வேண்டும் என்பதால் 2 இரும்பு அயனிகளின் இடத்தை 1 லித்தியமும் 1 அலுமினியமும் பிடிக்கின்றன.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பிளாக் ஹில்ஸ் பகுதியிலுள்ள பாப் இங்கர்சால் பெக்மடைட் இதற்கு நல்ல சான்று. 1986-இல் வெளியான ஆய்வு, அதன் சுவர் ஓரத்தில் ஷோர்லும் உட்பகுதியில் எல்பைட்டும் இருப்பதைக் காட்டியது. உறைதல் உள்நோக்கி நகர நகர இரும்பு தீர்ந்து, லித்தியம் மேலோங்கியதன் பதிவு அது. டூர்மலினுக்குள் அயனிகள் மிக மெதுவாகவே நகரும். அதனால் வளர்ந்த வரிசை படிக அடுக்குகளில் அப்படியே தங்கிவிடுகிறது.

சுற்றுப்பாறையில் நடப்பது இன்னும் சுவையானது. இரும்பும் மக்னீசியமும் போதாத குழம்பில் போரான் இருந்தாலும் டூர்மலின் எளிதில் உருவாவதில்லை. அந்தப் போரான் பாய்மத்துடன் வெளியேறி, அருகிலுள்ள மைக்கா ஷிஸ்டின் பயோடைட்டைத் தாக்குகிறது. பயோடைட்டின் இரும்பும் மக்னீசியமும் டூர்மலினில் சேர்கின்றன. அதற்குப் பெரிதும் தேவைப்படாத பொட்டாசியம் விடுபடுகிறது. பெக்மடைட்டும் சுற்றுப்பாறையும் சந்திக்கும் எல்லையை ஒட்டிக் கருநிறப் பட்டையாகத் தெரியும் இந்த டூர்மலின், ஷோர்லுக்கும் டிராவைட்டுக்கும் இடைப்பட்டது. பெக்மடைட்டின் உட்பகுதியிலுள்ளதைவிட மக்னீசியம் மிகுந்தது. எனவே பெக்மடைட்டின் விளிம்புப் படிகங்களில் மக்னீசியம் தென்பட்டால், சுற்றுப்பாறையின் பொருள் உள்ளே கலந்திருக்கக்கூடும் என்று கருதலாம்.

பகுப்பாய்வில் கவனம் தேவை. எலக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவி இரும்பு, மக்னீசியம், மாங்கனீசு ஆகியவற்றை நன்கு அளக்கும். மிக லேசான லித்தியத்தை வழக்கமாக அளக்காது. எனவே பல அட்டவணைகளில் உள்ள லித்தியம், மின்னூட்டச் சமன்பாட்டிலிருந்து கணக்கிட்ட மதிப்பே. அதை நேரடியாக அளக்க அயனிக் கற்றை அல்லது லேசர் முறைகள் வேண்டும்.