மந்தர ஸ்தாயியின் கதை



சென்ற ஆண்டு என் பேரன் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, நீண்ட உறை ஒன்றையும் அரிசி மூட்டைபோல் கனக்கும் ஒரு கறுப்புப் பெட்டியையும் வீட்டுக்குள் கொணர்ந்து இறக்கினான். உறைக்குள் கிதார் போன்ற ஒரு வாத்தியம் இருந்தது. தந்திகள் நான்கே, ஆனால் ஒவ்வொன்றும் நல்ல தடிமன். "இது பாஸ் கிதார், தாத்தா. பழையதாக வாங்கினேன்" என்றான். வாசித்துக் காட்டச் சொன்னேன். பெட்டியோடு இணைக்காமல் மீட்டினான். கொசுவின் ரீங்காரம் அளவே கேட்டது. பிறகு கம்பியைச் சொருகி மீட்டினான். அலமாரியில் இருந்த வெண்கலச் செம்பு அதிர்ந்தது.

அந்த வாத்தியத்தை அதற்கு முன் நான் உற்றுப் பார்த்ததில்லை. ஆனால் இளம்பருவம் முதல் அதைக் கேட்டு வந்திருக்கிறேன் என்பது அன்றுதான் விளங்கிற்று. இளையராஜாவின் திரைப்பாடல்களில் பாடகரின் குரலுக்கும் வயலின்களுக்கும் அடியில், தனக்கென ஒரு நடையோடு நகர்ந்து செல்லும் அந்தக் கீழ்க்குரல் இதனுடையதே. நம் கச்சேரிகளில் தம்பூரா போடுபவரை எத்தனைபேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அது போலத்தான் இதுவும். வேறுபாடு ஒன்று உண்டு: தம்பூரா ஒரே சுருதியில் நிற்பது, பாஸோ பாட்டோடு கூடவே நடப்பது.

இவ்வாத்தியத்தின் வயது அதிகமன்று. இதன் பிறப்புக்குக் காரணம் இசையைவிடச் சுமையே எனலாம். மேனாட்டு இசைக்குழுக்களில் மந்தர ஸ்தாயியை ஒலிக்க நெடுங்காலம் டபிள் பாஸ் என்னும் பெரிய வயலினையே நம்பியிருந்தார்கள். ஆறடி உயரம், நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், தந்தியின் நீளம் ஏறத்தாழ 42 அங்குலம். வீணையில் உள்ளதுபோல் அதில் மெட்டுகள் கிடையா. கோட்டுவாத்தியக்காரரைப் போலக் காதை நம்பியே சுருதியைப் பிடிக்க வேண்டும். இத்தனை பெரிய வாத்தியத்தின் ஓசை, எக்காளங்களும் முரசுகளும் முழங்கும் மேடையில் அமுங்கிப் போயிற்று.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்ற இசைக் கலைஞர் இருந்தார். தம் குழுவில் டபிள் பாஸ் வாசிப்பவரைக் கண்டு அவர் இரக்கப்பட்டதாக அவருடைய மகன் பின்னாளில் கூறியிருக்கிறார். மற்றவர்கள் ஒரே வண்டியில் சிரித்துப் பேசிக்கொண்டு செல்வார்களாம். பாஸ்காரர் மட்டும் தம் காரில் வாத்தியத்தை ஏற்றினால் வேறு எவருக்கும் இடம் இராது. தனியே ஓட்டிச் செல்ல வேண்டியதுதான். 1930களின் நடுவில் டட்மார்க் மெட்டுகள் கொண்ட, மின்சாரத்தால் ஒலிக்கும், கிதார்போல் கிடையாகப் பிடித்து வாசிக்கக்கூடிய ஒரு சிறு பாஸைச் செய்தார். 'ஆடியோவாக்ஸ் 736' என்று பெயரிட்டு 65 டாலருக்கு விற்றார். சுமார் நூறு வாத்தியங்களே செய்யப்பட்டன. வாங்குவோர் மனம் அப்போது அதற்கு ஆயத்தமாக இல்லை. காலத்துக்கு முன்னே வந்த பொருளுக்குச் சந்தை அமைவதில்லை என்பதை வணிகம் பயிலும் மாணவர்கள் இதில் காணலாம்.

அடுத்த முயற்சி நியூயார்க்கைச் சேர்ந்தது. எவரெட் ஹல் என்பவர் டபிள் பாஸின் அடியில் தரையில் ஊன்றும் ஆணி இருக்கிறதல்லவா, அதன் மேல்முனையில் ஒரு மைக்கைப் பொருத்தி வாத்தியத்தின் வயிற்றுக்குள் செலுத்தினார். அந்த ஆணியின் ஆங்கிலப் பெயரையும் 'ஆம்பிளிஃபையர்' என்ற சொல்லையும் ஒட்டவைத்துப் பிறந்ததே 'ஆம்பெக்' என்ற வணிகப் பெயர். 1940களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர் பாஸுக்கென்றே ஒலிபெருக்கிப் பெட்டிகள் செய்து புகழ் பெற்றது. 1960இல் வந்த அதன் பி-15 என்னும் பெட்டியில், மேலேயுள்ள வால்வுப் பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே அடக்கி எடுத்துச் செல்லலாம். ஹல்லுக்கு ராக் இசை பிடிக்காது. ஒலி கரகரப்பதும் பிடிக்காது. அவர் விரும்பாத இசையே அவருடைய சரக்கை ஊரெங்கும் கொண்டு சென்றது.

இப்போது நம் கதையின் நடுநாயகரிடம் வருவோம். லியோ ஃபெண்டர், 1909இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். கணக்குப் பதிவியல் படித்துக் கணக்கராக வேலை பார்த்தார். பொருளாதார மந்தம் அந்த வேலையைப் பறித்தது. 1938இல் அறுநூறு டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். இசைக் கலைஞர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளைச் செப்பனிடக் கொண்டுவந்தார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்துப் பார்த்தே தாமும் செய்யக் கற்றார். இவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்றால் நம்புவீர்களா? கடைசிவரை அவர் அதைக் கற்கவில்லை. வாசிப்பவர்களிடம் கொடுத்து, அவர்கள் முகம் சுளிக்கும் இடத்தைத் திருத்துவதே அவர் முறை. நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு இது பொறாமை தரும் குணமாகவே தோன்றுகிறது. நம்மில் பலர் கேட்பதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடுகிறோம்.

1951ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய மின்சார பாஸ் வெளிவந்தது. கெட்டியான மரப்பலகையே உடல். உள்ளே குடைவான வயிறு கிடையாது. தந்தியின் நீளம் 34 அங்குலம், மெட்டுகள் இருபது. மெட்டுகள் இருப்பதால் விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக நிற்கும். ஆதலால் துல்லியம் என்று பொருள்படும் 'பிரிசிஷன் பாஸ்' என்ற பெயரை இட்டார்கள். விலை இருநூறு டாலருக்குச் சற்றுக் குறைவு. சாதாரணக் கிதார்க்காரர் ஒருவரும் இதை எடுத்து வாசித்துக் கூடுதல் வேலை பெறலாம் என்பதும் ஃபெண்டரின் கணக்கில் இருந்தது.

பலகைக்கு வயிறு இல்லையென்றால் ஒலி எங்கிருந்து வருகிறது? தந்திகளுக்குக் கீழே காந்தத்தையும், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பிச் சுருளையும் வைத்திருக்கிறார்கள். எஃகுத் தந்தி காந்தத்தின் எல்லைக்குள் அதிரும்போது சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. உங்கள் பௌதிகப் புத்தகத்தில் வரும் பாரடேயின் மின்தூண்டல் தத்துவமே இது. அந்தச் சிறு மின்னோட்டத்தைப் பெருக்கி ஸ்பீக்கரை அசைப்பது பெட்டியின் வேலை. இதில்தான் இடர்ப்பாடு. பாஸின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறையே அதிர்கிறது. தாழ்ந்த ஒலியை நம் செவி எளிதில் ஏற்பதில்லை. அதனை உரக்க எழுப்ப மிகுந்த காற்றை அசைக்க வேண்டும். அதற்குப் பெரிய ஸ்பீக்கரும் மிகுந்த ஆற்றலும் தேவை. கிதாருக்குப் போதுமான பெட்டியில் பாஸைச் சொருகினால் பெட்டி திணறும். எனவே ஃபெண்டர் 1952இல் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று பொருத்திய 'பாஸ்மேன்' என்ற பெட்டியைத் தனியே செய்தார். பத்து அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு கொண்ட பெட்டி சில ஆண்டுகளில் வந்தது. விந்தை என்னவெனில், பாஸுக்கென்று செய்த அப்பெட்டியைக் கிதார்க்காரர்களே அதிகமாக விரும்பி வாங்கிக்கொண்டார்கள்.

பழைய வித்வான்கள் புது வாத்தியத்தை உடனே ஏற்றார்களா? இல்லை. லயனல் ஹாம்டனின் பெரிய ஜாஸ் குழுவில் மங்க் மாண்ட்கோமரிக்கு ஃபெண்டர் பாஸைக் கையில் கொடுத்தபோது முதலில் அவருக்கே அது உவப்பாயில்லை. டபிள் பாஸை விட்டுவிட்டு இந்தப் பலகையைப் பிடிப்பது இழிவெனக் கருதப்பட்ட காலம். ஆயினும் பழகினார், 1953இல் அக்குழுவோடு ஐரோப்பாவிலும் அதை ஒலித்தார்.

ஐரோப்பா என்றதும் இங்கிலாந்தின் நிலையைச் சொல்ல வேண்டும். போருக்குப் பின் டாலர் பற்றாக்குறையால் அந்நாட்டு அரசு 1951 முதல் 1959 வரை அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதியைத் தடை செய்திருந்தது. தடை நீங்கிய பின்னும் விலை எட்டாக்கனியாகவே இருந்தது. 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசித்துக்கொண்டிருந்த பீட்டில்ஸ் குழுவின் பாஸ்காரர் விலகியபோது, அப்பொறுப்பு பால் மெக்கார்ட்னி என்ற இளைஞரிடம் வந்தது. ஃபெண்டர் பாஸ் அப்போது நூறு பவுன் அளவில் விற்றது. அவரால் இயன்றது முப்பது பவுன். அந்த விலைக்கு அவ்வூர்க் கடையில் வயலின் வடிவான ஜெர்மானிய ஹோஃப்னர் பாஸ் ஒன்று கிடைத்தது. அவர் இடக்கைக்காரர். இருபுறமும் ஒத்த வடிவாதலால், திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது அதை வாங்க மற்றொரு காரணம். பணமின்மையால் வாங்கிய அந்த வாத்தியமே பின்னர் அவருடைய அடையாளமாயிற்று.

அதே காலத்தில் மேற்கு லண்டனில் ஜிம் மார்ஷல் என்ற முரசுக் கலைஞர் வாத்தியக் கடை நடத்திவந்தார். அமெரிக்கப் பெட்டிகள் விலை கூடுதலாயிருக்கின்றன என்று இளைஞர்கள் அவரிடம் முறையிட்டனர். கடையில் பழுது பார்த்த கென் பிரான் முதலியோர் ஃபெண்டரின் பாஸ்மேன் பெட்டியையே மாதிரியாகக் கொண்டு 1962 வாக்கில் ஒரு பெட்டி செய்தார்கள். உலகெங்கும் மேடைகளில் அடுக்கடுக்காக நிற்கும் மார்ஷல் பெட்டிகளின் வம்சம் அதிலிருந்து தொடங்குகிறது.

1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர், உடல்நலம் குன்றியிருந்த நிலையில், தம் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற பெரிய ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 130 லட்சம் டாலருக்கு விற்றார். புதிய முதலாளிகளின் கீழ் உற்பத்தி பெருகிற்று. தரம் குறைந்தது என்பது வாசிப்போர் பலரின் கருத்து. 1985இல் அங்குப் பணியாற்றியவர்களே ஒன்றுசேர்ந்து நிறுவனத்தை மீண்டும் வாங்கினார்கள். இதனிடையே புதியதொரு வாணிகம் முளைத்துவிட்டது. 1965க்கு முன் செய்த வாத்தியத்துக்குத் தனி மதிப்பு. ஆகவே வயதைத் துப்பறியும் கலையும் வளர்ந்தது. வியாபாரிகள் திருகுகளைக் கழற்றிக் கழுத்தின் அடிப்பகுதியில் தேதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியில் உள்ள உறுப்பில் எண்கள் பொறித்திருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் செய்தவரையும், பின்வருபவை ஆண்டையும் வாரத்தையும் காட்டும். வர்ணம் புதிதாகப் பூசியிருந்தால் விலை பெரிதும் இறங்கிவிடும்; கீறலும் தேய்வும் உள்ள பழைய வர்ணமே உயர்ந்தது. என் பேரனும் நானும் அவனுடைய வாத்தியத்தைத் திறந்து பார்த்தோம். விற்றவர் சொன்ன வயதில் பாதிகூட அதற்கு இல்லை. பெட்டியைத் திறக்க மட்டும் நான் விடவில்லை. வால்வுப் பெட்டிகளில் மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தேங்கி நிற்கும். நீங்களும் நினைவில் வையுங்கள்.

மெக்கார்ட்னியின் முப்பது பவுன் வாத்தியம் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து களவு போயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து ஒரு வீட்டுப் பரணில் கண்டெடுக்கப்பட்டு அவரிடமே சேர்ந்தது. 2024இல் உலகப் பத்திரிகைகள் அதனைக் கொண்டாடின.

இன்னொரு பாஸின் கதையும் உண்டு. டெட்ராய்ட் நகரில் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1960களில் பாட்டுக்கு மேல் பாட்டாக வெற்றி கண்டது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பாஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். தென் கரோலினாவில் 1936இல் பிறந்த கறுப்பினத்தவர். டபிள் பாஸில் பயின்று மின்சார பாஸுக்கு வந்தவர். 1962இல் செய்த பிரிசிஷன் பாஸ் ஒன்று அவருடைய முதன்மைக் கருவி. தந்தி அறுந்தாலன்றி மாற்ற மாட்டார். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். அந்த விரலுக்குக் 'கொக்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாஸ் என்பது தாளத்தோடு தட்டிச் செல்லும் துணை என்றிருந்த எண்ணத்தை மாற்றி, பாட்டின் அடியில் மற்றொரு பாட்டை ஓடவிட்டவர் அவர். மெக்கார்ட்னியே அவரைத் தமக்கு முன்னோடியாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை. வாசித்தவர் யாரென்று அறியாமலே உலகம் அந்த விரலின் ஓசைக்கு ஆடியது. 1971இல் மார்வின் கே வெளியிட்ட தொகுப்பு ஒன்றில்தான் வாத்தியக்காரர்களின் பெயர்கள் முறையாக அச்சேறின. அடுத்த ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. ஜேமர்சனும் அங்குச் சென்றார். காலம் அவருக்கு இசைந்து வரவில்லை. மதுப் பழக்கமும் உடலைக் கெடுத்தது. 1983 மார்ச்சில் மோடவுனின் வெள்ளிவிழா தொலைக்காட்சிக்காகப் பெருவிழாவாக நடந்தபோது, அவர் வெளியே சீட்டு விற்றவரிடம் விலை கொடுத்து வாங்கி மாடி இருக்கையில் அமர்ந்து பார்த்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அதே ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், 47ஆம் வயதில் காலமானார்.

அதற்குச் சில நாட்களுக்கு முன் அவருடைய 1962ஆம் ஆண்டு பாஸைத் திருடிச் சென்றுவிட்டார்கள். அது இன்றளவும் அகப்படவில்லை. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் 'ஃபங்க்' என்ற சொல்லை அவர் செதுக்கி நீல மை ஏற்றி வைத்திருந்தார்.