தடைசெய்யப்பட்ட காடும் ஒரு திரைப்படமும்

சாட்சிகள் நுழைய இயலாத இடத்தின் வரலாற்றை எதைக் கொண்டு எழுதுவது? அக்னியெஷ்கா ஹாலண்ட் இயக்கிய 'பச்சை எல்லை' (2023) என்னும் போலந்துத் திரைப்படம் வரலாற்று மாணவர்முன் வைக்கும் வினா இது.

2021இல் பெலாரஸ் அரசு, மேற்காசியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தோரைப் போலந்து எல்லைக்கு அனுப்பியது. போலந்துக் காவலர் அவர்களைத் திருப்பித் தள்ளினர். பெலாரஸ் காவலர் மீண்டும் வேலியின் இப்புறம் விரட்டினர். எல்லைக் காடுகளின் சதுப்பிலும் குளிரிலும் பலர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் போலந்து எல்லையோரத்தில் நெருக்கடிநிலையை அறிவித்து, செய்தியாளரும் உதவிக் குழுவினரும் நுழையத் தடை விதித்தது.

ஹாலண்டின் திரைக்கதை ஏதிலியர், தன்னார்வலர், காவலர் ஆகியோரின் கூற்றுகளைத் திரட்டி எழுதப்பட்டது. வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்ற இப்படத்தை, அன்றைய போலந்து நீதி அமைச்சர் நாஜிப் பரப்புரையோடு ஒப்பிட்டார். இறுதிப் பகுதியில் 2022 பிப்ரவரியில் அதே நாடு உக்ரைனியரை வரவேற்பதையும் படம் காட்டுகிறது.

இதிலுள்ள சிரியக் குடும்பம் புனைவு. ஆகவே இறந்தோரின் எண்ணிக்கைக்கோ தனியொரு நிகழ்வுக்கோ இப்படத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது. ஆயினும் திருப்பித் தள்ளுதல் எவ்வாறு அன்றாடப் பணியாக நடைபெற்றது என்பதை இது தெளிவுறுத்துகிறது. எல்லைக் காவலின் கோப்புகள் என்றேனும் திறக்கப்படுமாயின், ஆணையிட்டவர் யார், எந்த இரவில், எத்தனை பேரை என்று அவற்றிடம் கேட்பதற்கான வினாக்கள் இப்படத்தில் உள்ளன.