தோளில் உள்ள தழும்பு: பி. சி. ஜி. தடுப்பூசியும் தமிழகம் கண்ட வாதமும்

நம் காலனியில் வாழும் குடும்பத்தார் தத்தம் இடத்தோளைச் சற்று நோக்குவாராயின், அங்கே மிளகளவினும் சிறிது பெரிதான ஒரு வட்டத் தழும்பைக் காண்பர். அது எப்போது வந்தது என்பது எவர்க்கும் நினைவிராது. பிறந்த சின்னாட்களில் மருத்துவமனையிலேயே போடப்பட்ட பி. சி. ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியின் அடையாளம் அது. அகவை ஐம்பதைக் கடந்த பெரியோர் பலர் கையில் அதனினும் பெரிய தழும்பொன்றும் இருக்கும். அஃது அம்மை குத்தியதனால் வந்தது. மட்டாஞ்சேரியில் குடியேறிய தமிழர் தோள்களில் இவ்வாறு இரண்டு நோய்களின் வரலாறு எழுதப்பட்டுள்ளது.

இன்று எவரும் எண்ணிப்பாராத இச்சிறு தழும்பு, ஒரு காலத்தில் சென்னை மாநகரில் பெருவாதத்தை எழுப்பியது. நாட்டின் முதற்பெரும் தலைவருள் ஒருவரே அதனை எதிர்த்து நூல் எழுதினார். அவ்வாதம் முடிந்து எழுபதாண்டு ஆகியும் அதன் வினா முதுமை அடையவில்லை. 2024-ஆம் ஆண்டில் நம் நாட்டின் பல மாநிலங்களில், தேர்ந்தெடுத்த மாவட்டங்களில், வயது வந்தோர்க்கும் பி. சி. ஜி. போட்டுப் பயன் காணும் முயற்சி தொடங்கிற்று. ஆகவே, “புதிதாக வரும் ஊசியைப் போட்டுக்கொள்வதா, பொறுத்திருந்து பார்ப்பதா?” என்னும் கேள்வி எந்த இல்லத்தின் வாயிலிலும் வந்து நிற்கக்கூடும். அதற்கு விடை தேடுவார்க்கு அப்பழைய வரலாறு நல்ல துணையாகும் எனக் கருதி, இம்மலரில் அதனைச் சுருங்க உரைக்கின்றோம்.

கண்ணுக்குத் தெரிந்த பயன்

முதலில் அம்மையை நோக்குவோம். பெரியம்மை கண்டவருள் ஏறத்தாழப் பத்தில் மூவர் மாண்டனர். பிழைத்தவருள் பார்வை இழந்தார் பலர். தமிழ் மக்கள் மாரியம்மனுக்கு வேப்பிலை சாத்தி வேண்டினர். நம் அண்டையிலுள்ள கொடுங்கல்லூர்க் கோயிலில் மலையாள மக்கள் வசூரிமாலைக்கு மஞ்சட்பொடி படைத்து வணங்கினர். இங்கிலாந்தில் ஜென்னர் என்னும் மருத்துவர் 1796-இல் கண்ட மாட்டம்மைப் பால் 1802-இல் பம்பாய் வந்து சேர்ந்தது. பசுவின் நோயை மனித உடலிற் புகுத்துவதா என்ற அச்சம் எங்கும் இருந்தது. திருவிதாங்கூரில் இராணி கௌரி லட்சுமிபாய் 1810 முதல் 1815 வரை ஆண்ட காலத்தில் இம்முறை புகுந்தபோது, மக்களின் ஐயம் தீரும்பொருட்டு அரச குடும்பத்தாரே முன்னர்க் குத்திக்கொண்டனர்.

அந்த ஐயம் தீர்ந்ததற்கு அரசியின் முன்மாதிரி மட்டுமே காரணமன்று. அம்மை ஒரு தெருவில் புகுந்தால் சில வாரங்களுக்குள் வீடுவீடாகப் பரவும். குத்திக்கொண்டவர் நலமாக நிற்பதையும், குத்தாதவர் படுக்கையில் விழுவதையும் அத்தெருவாரே கண்ணாரக் காண்பர். அவர்க்குப் புள்ளிவிவரம் வேண்டுவதில்லை.

காசநோயோ வேறு இயல்பினது. கிருமி உடலிற் புகுந்து பல்லாண்டு உறங்கிக் கிடக்கும். புகுந்தவருள் பத்தில் ஒருவர்க்கே வாழ்நாளில் நோயாக வெளிப்படும் என்பர். ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் நலமாக இருந்தால், அஃது ஊசியின் பயனா, இயல்பாகவே தப்பியதா என்று அவர்தம் வீட்டாராலும் கூற இயலாது. பி. சி. ஜி. பற்றிய வாதம் நெடுங்காலம் நீண்டதற்கு வேர் இங்கேதான் உள்ளது.

பாரிசில் ஒரு குழந்தை

பிரான்சு நாட்டில் கால்மெத் என்னும் மருத்துவரும் கெரான் என்னும் கால்நடை மருத்துவரும் 1908-இல் ஒரு முயற்சியைத் தொடங்கினர். மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கும் பித்தநீரும் கலந்த ஊட்டத்தில் வளர்த்து, மீண்டும் மீண்டும் புதிய ஊட்டத்திற்கு மாற்றி வந்தனர். 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றியபின் அக்கிருமி நோய் உண்டாக்கும் ஆற்றலை இழந்தது. அதற்கு அவ்விருவர் பெயரும் சேர்ந்தமைந்ததே பி. சி. ஜி. என்னும் சுருக்கம்.

1921-இல் பாரிசில் அது முதன்முதல் ஒரு மனிதக் குழந்தைக்கு வாய்வழி கொடுக்கப்பட்டது. அக்குழந்தையின் தாய் காசநோயால் மாண்டாள். வளர்க்க வேண்டிய பாட்டியும் அதே நோயாளி. இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். எவரும் அதுகாறும் உட்கொள்ளாத மருந்து. அதன் தீங்கு இன்னதென்று எவரும் அறியார். மறுபுறம், நோயாளியின் மடியில் வளரப்போகும் பச்சிளங்குழந்தை. அதன் கதி யாதாகும் என்பதை அக்கால மருத்துவர் நன்கு அறிவர். அறியாத சிறு அச்சம் ஒரு தட்டிலும், அறிந்த பேரச்சம் மறுதட்டிலும் இருந்தன. மருந்தைக் கொடுத்தனர், குழந்தை நோயின்றி வளர்ந்தது. நோயில்லா இல்லத்தில் பிறந்த குழந்தையாயின் அத்தராசு வேறுவிதமாகச் சாய்ந்திருக்கலாம்.

இலூபெக்கில் நேர்ந்த கேடு

அதன்பின் ஒன்பதாண்டு கழித்து, செர்மனியின் இலூபெக் நகரில் பெருந்துயர் நிகழ்ந்தது. 1930-இல் அங்கே பி. சி. ஜி. அளிக்கப்பெற்ற ஏறக்குறைய 250 குழந்தைகளுள் எழுபதுக்கு மேற்பட்டோர் காசநோயால் மாண்டனர். உலகம் நடுங்கிற்று. விசாரணையில், பாரிசிலிருந்து வந்த வித்தில் குற்றமில்லை என்பதும், இலூபெக் ஆய்வுக்கூடத்தில் கொடிய கிருமி கலந்துவிட்டது என்பதும் வெளியாயின. பொறுப்பாளர் சிறைத்தண்டனை பெற்றனர். மருந்தின் இயல்பு ஒன்று, அதனை ஆக்கும் கை மற்றொன்று என்னும் பாடத்தை உலகம் அன்று பெருவிலை கொடுத்துக் கற்றது. ஆயினும், “உயிருள்ள கிருமி” என்னும் சொல்லோடு இலூபெக்கின் நினைவும் ஒட்டிக்கொண்டது.

சென்னையில் எழுந்த குரல்

நம் நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் 5 இலட்சம் பேர் காசநோயால் மாண்டனர் என்பது அன்று வழங்கிய மதிப்பீடு. நல்ல மருந்து அரிது. 1928-இல் டாக்டர் சவரிமுத்து தாம்பரத்தில் நிறுவிய ஆரோக்கிய நிலையத்தைப் போன்ற இடங்கள் சில இருந்தன. படுக்கைகளோ மிகக் குறைவு. சென்னை மின்சார இரயிலில் சென்றவர் ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையப் பெயரை அறிவர். அப்பெயர் அக்காலத்தின் எச்சம்.

இந்நிலையில், 1948-இல் அரசு பி. சி. ஜி. திட்டத்தை மேற்கொண்டது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்து, இன்று ஆந்திரத்தில் உள்ள மதனப்பள்ளியில் பணி தொடங்கிற்று. கிண்டியில் மருந்து ஆக்கும் கூடம் அமைந்தது. டென்மார்க்கு முதலிய வடநாடுகளும், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் துணை நின்றன. ஊழியர்கள் பள்ளிதோறும் சென்று, முதலில் சோதனை ஊசி போட்டு, தேவையுள்ளோர்க்கு மட்டும் தடுப்பூசி போட்டனர்.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. சென்னையில் ஏ. வி. இராமன் என்பார், இஃது இன்னும் மெய்ப்பிக்கப்படாத முறை என்றும், நல்ல நீரும் உணவும் தூய்மையுமே முதல் மருந்து என்றும் எழுதி வந்தார். 1955-இல் இராஜாஜி அவர்களே களத்தில் இறங்கினார். முந்திய ஆண்டுவரை சென்னையின் முதலமைச்சராக இருந்தவர். சொல்லை அளந்து பேசுபவர். தாம் பி. சி. ஜி.யை எதிர்ப்பதேன் என விளக்கி ஒரு சிறு நூலே வெளியிட்டார். மேனாட்டு மருத்துவரே கருத்து வேறுபடும்போது, நலமாயுள்ள இலட்சக்கணக்கான குழந்தைகள் உடலில் உயிர்க்கிருமியைச் செலுத்துதல் தகுமா என்பது அவர்தம் கேள்வியின் சாரம். மத்திய சுகாதார அமைச்சர் இராஜகுமாரி அமிர்த கௌர் அதனை மறுத்து, திட்டத்தை உறுதியாகக் காத்து நின்றார்.

பெற்றோர் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் அரசும் உலக நிறுவனங்களும். மறுபுறம் நாடு போற்றும் முதியவர். இருசாராரும் நன்மையே நாடினர். பள்ளிச் சிறுவனின் தந்தை யாரை நம்புவது?

காலம் அளித்த தீர்ப்பு

மறு ஆண்டே, 1956-இல், இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பள்ளிப் படிப்பை முடிக்கும் பருவத்தினர் ஐம்பதினாயிரவர்க்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில் பி. சி. ஜி. ஐந்தில் நான்கு பங்கு நோயைத் தடுத்தது என்பதே அது. இராஜாஜி தோற்றார் எனப் பலர் எண்ணியிருக்கலாம்.

ஆயின் இங்கிலாந்து வேறு, தமிழகம் வேறு. இதனை உணர்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில், தன் ஆய்வைத் தொடங்கிற்று. ஏறக்குறைய 3,60,000 மக்கள் அதிற் சேர்ந்தனர். யார்க்கு மருந்து, யார்க்கு வெறும் நீர் என்பதை ஊராரும் அறியார், ஊசி போட்டவரும் அறியார். 1979-இல் முதல் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. வயது வந்தோர்க்கு வரும் நுரையீரற் காசநோயைப் பி. சி. ஜி. தடுக்கவில்லை! பதினைந்தாண்டு தொடர்ந்து பார்த்தபின்னும் அம்முடிவு மாறவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு கிருமிகள் முன்னரே உடலைப் பழக்கிவிடுவது காரணமாகலாம் என்பது அறிஞர் சிலர் கருத்து.

அங்ஙனமாயின் பிறந்த குழந்தைக்கு ஏன் இன்றும் போடுகின்றனர்? பச்சிளங்குழந்தையின் மூளையைத் தாக்கும் காசநோயையும், உடலெங்கும் பரவும் காசநோயையும் அது பெரிதும் தடுக்கின்றது எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. செங்கற்பட்டு ஆய்வு அவ்வினாவிற்கு விடையளிக்க அமைக்கப்பட்டதன்று. எனவே 1978-இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அதற்கு இடம் கிடைத்தது. இன்றும் அவ்விடம் நிலைத்துள்ளது.

இப்போது 1955-இன் வாதத்தைத் திரும்பிப் பார்ப்போம். தீங்கு விளையும் என்று அஞ்சியோர் அச்சம் மெய்யாகவில்லை. கோடிக்கணக்கானோர் இவ்வூசியைத் தாங்கி நலமாக வாழ்கின்றனர். பயன் ஐயத்துக்குரியது என்றோர் ஐயம் வயது வந்தோர் அளவில் மெய்யாயிற்று. குழந்தைகளுக்கு நலம் பயக்கும் என்ற அரசின் நம்பிக்கையும் வீண்போகவில்லை. இருசாராரும் “ஊசி நல்லதா, தீயதா” என்று வாதிட்டனர். காலமோ “யார்க்கு, எவ்வயதில், எந்நோய்க்கு” என்று பிரித்து விடையளித்தது.

நாம் எடைபோடும் முறை

இவ்வரலாற்றிலிருந்து இல்லத்தார் கொள்ளத்தக்க முறை தெளிவாகின்றது. புதிய ஊசி ஒன்று வரும்போது நான்கு வினாக்களைக் கேட்டல் நன்று. இந்நோய் எனக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு? வந்தால் எவ்வளவு கேடு? ஊசியால் வரக்கூடிய தீங்கு யாது, அது யார்க்கு மிகுதி? என்போன்றார்க்கு அது பயன்தரும் என்பதற்குச் சான்று எத்தகையது?

சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீட்டில், அண்மையில் காசநோய் கண்டு மருந்துண்ணும் தம்பியோடு வாழ்பவர், அறுபதைக் கடந்து நீரிழிவும் உடையவர் ஒருவரை எண்ணுவோம். அவர் தராசு ஒருவாறு சாயும். தனி வீட்டில் நலமாக வாழும் முப்பது வயதினர் தராசு வேறுவாறு சாயும். புற்றுநோய்க்கு மருந்துண்டு உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கோ உயிர்க்கிருமி ஊசியே ஆகாது. மூவர்க்கும் ஒரே விடை கூறுவது அறிவன்று. 2024-இன் முயற்சியும் அறுபது கடந்தோர், நீரிழிவுடையோர், நோயாளியுடன் வாழ்வோர், புகைப்போர், மிக மெலிந்தோர் எனப் பிரித்தே அழைத்தது. வயது வந்தோர்க்குப் பயன் உண்டா என்று காண்பதே அதன் நோக்கமுமாகும். அழைப்பு வரும்போது, “இது நிறுவப்பட்ட பயனா, நிறுவ முயலும் பயனா?” என்று கேட்டறிந்து ஒப்புதல் தருவது நம் உரிமை.

பொறுத்திருத்தலும் ஒரு முடிவே என்பதை மறத்தலாகாது. அதற்கும் விலை உண்டு. உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நம் நாட்டினர். ஊசியைப் பற்றி ஐயுறுவோர், இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலைப் பற்றி ஐயுறாமல் இருப்பது பொருந்தாது. சென்னையில் 1956-இல் நிறுவிய மருந்துமுறை ஆய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்டு இந்நோயைத் தீர்க்கலாம் என 1959-இல் உலகிற்கு மெய்ப்பித்தது. அம்மருந்து இன்று அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றது. சளியைச் சோதித்து ஒருவர் குணமடைந்தால், அவர் வீட்டுக் குழந்தைகளுக்கு அதுவே பெருங்காப்பு.

1955-இல் தந்தையர்க்குக் கிடைக்காத ஒன்று இன்று நமக்கு உண்டு. அது செங்கற்பட்டு மக்கள் தம் தோள்களைக் கொடுத்து ஈட்டித் தந்த அறிவு. மூன்றரை இலட்சம் தமிழர் பங்குகொண்ட அவ்வேள்வியால் உலகமே பயன் பெற்றது. அவர்க்கு நன்றி கூறி, அச்சத்தையும் ஆர்வத்தையும் ஒருங்கே அளந்து, அறிந்த மருத்துவரைக் கேட்டு, ஒவ்வோர் இல்லமும் தனக்குரிய முடிவைத் தெளிந்து எடுப்பதாக! நம் சங்கத்துக் குடும்பங்கள் நோயின்றி நீடு வாழ்க!