அறுபதாண்டுத் தொண்டு: ரெபெக்கா கிராட்ஸ் அம்மையார்

ஒரு சமூகம் தன் காலில் தானே நிற்க வேண்டுமாயின் அதற்குப் பெருஞ்செல்வர் வேண்டும் என்பர் சிலர். பெருந்தலைவர் வேண்டும் என்பர் வேறு சிலர். ஆண்டுதோறும் சலியாமல் கூட்டம் கூட்டி, நடவடிக்கைக் குறிப்பெழுதி, கணக்கை நேர்செய்து, ஏழையின் நிலையறிந்து உதவும் ஒருவர் வேண்டும் என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. அத்தகைய பணியையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஊதியம் பெறாது ஆற்றிய ஒரு பெண்மணியின் வரலாற்றை இளைஞர்கள் அறிதல் நலம். அவர்தாம் அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த ரெபெக்கா கிராட்ஸ் அம்மையார்.

பிறப்பும் முதற் பணியும்

ரெபெக்கா 1781-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மைக்கேல் கிராட்ஸ் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூத வணிகர். குடும்பம் வளமானது, ஆயினும் அந்நகரில் யூதர் சில நூறு பேரே இருந்தனர். அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் பல குடும்பங்கள் நொடித்துப் போயின. அக்குடும்பங்களின் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ 1801-இல் ஒரு மகளிர் சங்கம் தோன்றியது. அதனை நிறுவியவர்களுள் இருபது வயது ரெபெக்காவும் ஒருவர். கிறித்தவப் பெண்டிரும் யூதப் பெண்டிரும் அதில் ஒன்றாக உழைத்தனர்.

1815-இல் பிலடெல்பியா அநாதை இல்லத்தை நிறுவியோருள்ளும் அவர் இடம் பெற்றார். அவ்வில்லத்தின் செயலாளராக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார். 1822-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவ்வில்லம் தீக்கிரையாகி 23 குழந்தைகள் மாண்டனர். அத்துயரால் அவர்கள் கலைந்து போய்விடவில்லை. இல்லம் மீண்டும் எழுந்தது. ரெபெக்காவின் பணியும் தொடர்ந்தது.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1823-இல் தங்கை ரேச்சல் இறந்தபோது, தாயற்ற அப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பையும் ஏற்றார். பொதுப்பணியையும் விடவில்லை.

தனிச் சங்கம் ஏன்?

அக்காலத்தில் ஏழைகளுக்கு உதவி செய்தோருள் பலர், உதவியோடு மதமாற்றத்தையும் கொண்டு சென்றனர். பசித்த யூதக் குடும்பத்துக்கு ரொட்டி கொடுத்த கையே, உன் முன்னோர் நெறியை விட்டுவிடு என்றும் வற்புறுத்தியது. ரெபெக்கா கிறித்தவப் பெண்டிரோடு பல்லாண்டு பழகியவர். அவர்களை வெறுத்தவர் அல்லர். ஆயினும் வயிறு நிறைவதற்காக ஒருவர் தம் அடையாளத்தை விலையாகத் தருதல் தகாது என்று கருதினார்.

குறைகூறிக் கொண்டிருப்பதை விடுத்து ஓர் அமைப்பை உருவாக்கினார். மிக்வே இஸ்ரேல் என்னும் யூதத் தொழுகைக் கூடத்தைச் சேர்ந்த பெண்களைத் திரட்டி, 1819-இல் எபிரேயப் பெண்கள் அறச்சங்கத்தைத் தொடங்கினார். தொழுகைக் கூடத்தின் ஆளுகைக்கு உட்படாது, பெண்களே நடத்திய முதல் அமெரிக்க யூத அறச்சங்கம் இதுவே. மணமான பெண்ணின் சொத்து கணவன் கைக்கே போகும் என்பது அக்காலச் சட்டம். பென்சில்வேனியா மாநிலத்தில் அது மாறத் தொடங்கியது 1848-இல்தான். அந்நாளிலேயே பெண்கள் நிதி திரட்டி, யாருக்கு எவ்வளவு என்று தாமே முடிவு செய்தனர் என்பது சிறிய செய்தியன்று. உணவு, விறகு, தங்குமிடம் ஆகியவற்றை அச்சங்கம் வழங்கியது. பிற்காலத்தில் வேலை தேடித் தரும் பணியையும் மேற்கொண்டது. இச்சங்கத்திலும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் வகித்தது செயலாளர் பதவியே.

ஞாயிறு பள்ளி

வயிற்றுப் பசி தீர்ந்தால் போதுமா? அறிவுப் பசியைத் தீர்ப்பவர் யார்? 1838-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள், தம் 57-ஆம் பிறந்த நாளில், சங்கத்தின் சார்பில் எபிரேய ஞாயிறு பள்ளியை அம்மையார் தொடங்கினார். சனிக்கிழமை யூதர்க்குப் புனித ஓய்வு நாள்; ஞாயிறோ நாடு முழுவதற்கும் விடுமுறை. ஆகவே ஞாயிற்றைத் தேர்ந்தார். ஐம்பது அறுபது பிள்ளைகளோடு பள்ளி தொடங்கியது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தனர், கட்டணம் இல்லை. கற்பித்தோர் அனைவரும் ஊதியம் பெறாத பெண்கள். யூதர்களிடையே சமயக் கல்வி ஆண்கள் கையிலேயே இருந்த காலம் அது என்பதை மறவாதீர்கள்.

பாடநூலுக்கு என் செய்வது? ஆங்கிலத்தில் யூதப் பிள்ளைகளுக்கென்று தக்க நூல் இல்லை. கிறித்தவ ஞாயிறு பள்ளிகளின் நூலையே வாங்கி, தம் நெறிக்கு ஒவ்வாத வரிகளின்மீது காகிதத் துண்டுகளை ஒட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அந்த ஒட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று படிக்க முயன்றதைப் பழைய மாணவியான ரோசா மார்டிக்கை பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். பிள்ளைகள் எந்நாட்டிலும் பிள்ளைகளே! பின்னர் ஐசக் லீசர் என்னும் சமயத் தலைவரும், சிம்ஹா பெய்ஷோட்டோ என்னும் ஆசிரியையும் தனி நூல்களே எழுதினர். நூல் வந்தபின் பள்ளி தொடங்குவோம் என்று காத்திருந்தால் பள்ளியும் வந்திராது, நூலும் வந்திராது.

பள்ளியில் படித்த பெண்களே வளர்ந்து ஆசிரியைகளாயினர். சார்ல்சுடன் முதலிய பிற நகரங்களிலும் இத்தகைய பள்ளிகள் தோன்றின. 1864 வரை, தம் 83 வயது வரை, அம்மையார் இப்பள்ளியின் தலைவராக விளங்கினார். இடையே 1855-இல், எழுபது வயதைக் கடந்த நிலையிலும், ஆதரவற்ற யூதக் குழந்தைகளுக்கான வளர்ப்பு இல்லம் அமைய முன்னின்றார். 1869 ஆகஸ்டு 27-இல் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளி அவருக்குப் பின்னும் நூறாண்டுக்கு மேல் நடந்தது.

குறையும் படிப்பினையும்

குறை காணாது போற்றுவது மட்டும் வரலாறு ஆகாது. அவர் காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். கென்டக்கியில் வாழ்ந்த அவருடைய தம்பி பெஞ்சமினே அடிமைகளை உடையவர். அடிமை ஒழிப்பு இயக்கத்தில் ரெபெக்கா முன்னிற்கவில்லை. தம் மக்களின் மானம் காத்த அப்பெருமாட்டியின் கண் அவ்வளவு தொலைவு செல்லவில்லை. தொண்டு செய்வோர் தம் வேலிக்கு அப்பாலும் நோக்க வேண்டும் என்பதை இக்குறையும் நமக்குக் கற்பிக்கிறது.

இளைஞர்களே! மாலை விழும் கழுத்தை எல்லோரும் அறிவர். நடவடிக்கைப் புத்தகம் எழுதும் கையை அறிவார் சிலரே. அக்கை ஓய்ந்தால் சங்கமும் ஓய்ந்துவிடும். ரெபெக்கா அம்மையார் பிறர் தயவை நம்பாது தம் மக்களுக்கென ஓர் அமைப்பைக் கண்டார். தமக்குப் பின் அதனை நடத்துவோரையும் அப்பள்ளியிலிருந்தே உருவாக்கினார். வெள்ளி விழாக் காணும் எந்தச் சங்கமும் பொன்விழாக் காண வேண்டுமாயின், அடுத்த இருபத்தைந்து ஆண்டுக்கும் அந்தப் புத்தகத்தை எழுதும் கை எது என்னும் வினாவுக்கு உங்களுள் ஒருவர் விடையாக எழுந்து நிற்க வேண்டும்.