குடும்பத்தின் உண்டியலும் பூங்காவின் வாயிலும்

கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு சென்று வர எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே கணக்கிடும் வழக்கம், அந்தப் பூங்காக்கள் பணம் வசூலித்த முறையோடு சேர்ந்தே உருவாகி, அம்முறை மாறியபோதெல்லாம் தானும் மாறி வந்துள்ளது. ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனியே சில்லறை வாங்கிய காலத்தில் கணக்கு பூங்காவுக்குள்ளேயே, பெற்றோரின் கைப்பையிலிருந்த காசைப் பார்த்துப் பார்த்து நடந்தது. வாயிலிலேயே மொத்தத் தொகையும் பெறப்படலான பின் அதே கணக்கு வீட்டுக்கு இடம்பெயர்ந்து, பயணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்னரே முடிக்கப்பட வேண்டியதாயிற்று. எங்கே, எப்போது கணக்கிடுவது என்பதைக் குடும்பம் தீர்மானித்த காலம் குறுகியது. பெரும்பாலும் அதைத் தீர்மானித்தது வாயிலில் நின்று காசு வாங்கியவரே.

இவ்வரலாற்றின் செறிவான முதற்பகுதி இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயர் மாவட்டத்துப் பஞ்சாலை நகரங்களுக்கும் பிளாக்பூல் என்னும் கடற்கரை ஊருக்கும் இடையே நிகழ்ந்தது. 1846இல் பிளாக்பூலுக்கு ரயில் பாதை வந்த பின், ஓல்டம், பிளாக்பர்ன், பர்ன்லி போன்ற நகரங்களின் நெசவுத் தொழிலாளர் ஒரு நாளும், பின்னர் சில நாள்களும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஒரு வாரமும் கடலோரத்தில் கழிக்கத் தொடங்கினர். அந்த விடுமுறைக்கு 'வேக்ஸ்' வாரம் என்று பெயர். பழங்காலத்தில் அந்தந்த ஊர்த் தேவாலயத்தின் திருவிழாவாக இருந்த அது, ஆலைகள் பெருகிய பின் ஊரின் எல்லா ஆலைகளும் ஒரே நேரத்தில் கதவடைத்து, கொதிகலன்களைத் துப்புரவு செய்யும் வாரமாக நிலைபெற்றது. ஒவ்வொரு நகரத்துக்கும் வேக்ஸ் வாரம் வெவ்வேறாக இருந்ததால், கோடை முழுவதும் ஓர் ஊர் கிளம்பிச் செல்ல மற்றோர் ஊர் வந்து இறங்குவதாகப் பிளாக்பூலுக்கு வருகையாளர் ஓயாமல் வந்துகொண்டிருந்தனர்.

ஆனால் அந்த விடுமுறைக்கு ஊதியம் கிடையாது என்பதே இங்கு முதன்மையாகக் கருதத் தக்கது. ஆலை மூடிய வாரத்தில் கூலி வராது. வீட்டு வாடகையோ நிற்காது. ஊர் திரும்பி அடுத்த சம்பள நாள் வரும்வரை அடுப்பும் எரிந்தாக வேண்டும். ஆகவே ஒரு குடும்பம் கடற்கரையில் செலவழிக்கும் தொகையோடு, வேலையில்லாத வாரத்தின் இழப்பையும் சேர்த்தே ஆண்டு முழுவதும் சேமிக்க வேண்டியிருந்தது. இத்தேவையிலிருந்து எழுந்தவையே 'கோயிங் ஆஃப் கிளப்' என்று அத்தொழிலாளர் அழைத்த சேமிப்புச் சங்கங்கள். ஆலைகளிலும் தேவாலயங்களிலும் மதுக்கடைகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் நடந்த இச்சங்கங்களில் உறுப்பினர் வாரந்தோறும் சில பென்னிகளைக் கட்டிவர, வேக்ஸ் வாரத்துக்குச் சற்று முன்பு முழுத்தொகையும் அவர்கள் கையில் தரப்பட்டது. நம் ஊர்களில் தீபாவளிச் சீட்டுக் கட்டிப் பழகியவர்களுக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை. 1844இல் ராச்டேலில் கூட்டுறவுக் கடை தொடங்கிய மக்களின் அண்டை அயலார்தாம் இவர்கள் என்பதையும், கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் என வீட்டில் பலரும் ஆலையில் உழைத்ததால் குடும்ப வருமானம் பிற தொழில் நகரங்களைவிடச் சற்றே உயர்ந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தொழிலாளர் குடும்பங்களின் கடற்கரை விடுமுறை ஏன் இவ்வளவு முன்னதாக லங்காஷயரில் வேரூன்றியது என்பது புலப்படும். அதைக் கட்டியெழுப்பியது முதலாளிகளின் தயாளம் அன்று. வீட்டு வரவுசெலவைத் தம் கையில் வைத்திருந்த பெண்களின் இடைவிடாத வாராந்திரச் சிக்கனம் அது.

பிளாக்பூலில் இறங்கிய பின்னும் கணக்கு தொடர்ந்தது. அங்குள்ள தங்கும் விடுதிகளை நடத்திய பெண்கள் பலரும் படுக்கைக்கு மட்டும் கட்டணம் பெற்றனர். உணவுப் பொருள்களைக் குடும்பமே கொண்டுவர அல்லது கடையில் வாங்கித் தர, விடுதிக்காரி அவற்றைச் சமைத்துக் கொடுத்தார். மேசையில் வைக்கும் உப்பு, மிளகுக் குப்பிகளுக்குக்கூடத் தனிக் கட்டணம் வாங்கப்பட்டதாக அந்நகரத்து நினைவுகளில் இன்றும் பேசப்படுகிறது. 1894இல் திறக்கப்பட்ட கோபுரத்துக்குள் நுழைய ஆறு பென்ஸ். 1896இல் தொடங்கிய 'பிளஷர் பீச்' என்னும் கேளிக்கைப் பூங்காவில் நுழைவதற்கு ஒன்றும் இல்லை, ஏறும் சவாரிக்கு மட்டுமே காசு. ஹைரம் மாக்ஸிம் வடிவமைத்து 1904இல் அங்கு நிறுவப்பட்ட சுழலும் பறக்கும் பொறி இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது. தங்குமிடம் ஒருவர் கையிலும், உணவு மற்றொருவர் கையிலும், கேளிக்கை வேறு பலர் கையிலும் இருந்ததால், பணத் தட்டுப்பாடு நேர்ந்த குடும்பம் எந்த இடத்திலும் சற்றே சுருக்கிக்கொள்ள முடிந்தது. மழை பெய்தால் சவாரியை விட்டுவிடலாம். வியாழக்கிழமை கை வறண்டால் வெள்ளிக்கிழமை மணலில் உட்கார்ந்து கழிக்கலாம். ஊதியத்தோடு கூடிய விடுமுறையை ஊக்குவிக்கும் சட்டம் பிரிட்டனில் 1938இல்தான் இயற்றப்பட்டது. அதன் முழுப் பயனும் போருக்குப் பின்னரே மக்களை எட்டியது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்குத் தொடக்ககாலப் பூங்காக்கள் ஒரு வாரத்துக்கு உரியவையாக இல்லாமல் ஒரு நாளுக்கு உரியவையாக இருந்தன. டிராம் நிறுவனங்கள் வார இறுதியில் காலியாக ஓடும் வண்டிகளை நிரப்புவதற்காகத் தடத்தின் கடைசியில் பூங்கா அமைத்தன. பிட்ஸ்பர்க் அருகே 1898இல் தோன்றிய கென்னிவுட் இவ்வகையைச் சேர்ந்தது. நியூயார்க்கின் கோனித் தீவில் 1884இல் லமார்கஸ் தாம்சன் ஓட்டிய, ஏறியிறங்கும் தண்டவாள வண்டிக்குக் கட்டணம் ஐந்து சென்ட். 1920இல் சுரங்க ரயில் தீவை எட்டியபோது அதன் கட்டணமும் ஐந்து சென்டே. ஐந்து சென்ட் நாணயமான நிக்கல்தான் அத்தீவின் அளவுகோலாக இருந்தது என்று சொல்லலாம்.

அங்கேதான் வேலியும் எழுந்தது. 1895இல் பால் பாய்ட்டனும், 1897இல் ஜார்ஜ் டில்யூவும் தத்தம் கேளிக்கைகளைச் சுற்றி மதில் எழுப்பி, வாயிலில் கட்டணம் பெற்றனர். டில்யூவின் 'ஸ்டீபிள்சேஸ்' பூங்காவில் பல சவாரிகளை ஒன்றாக்கிய இணைப்புச் சீட்டும் இருபத்தைந்து சென்டுக்கு விற்கப்பட்டது. குடித்துத் திரிவோரும் சூதாடிகளும் நிறைந்த தெருவிலிருந்து பெண்களையும் குழந்தைகளையும் பிரித்து வைக்க மதில் உதவியது. பூங்கா என்பது குடும்பம் செல்லத் தக்க இடம் என்ற எண்ணம் பரவியதில் இதன் பங்கு பெரிது. அதே மதில் வேறொரு கதவடைப்புக்கும் கருவியாயிற்று. கறுப்பின மக்களை உள்ளே விடாத பூங்காக்கள் அமெரிக்காவின் தெற்கில் மட்டுமல்லாமல் பிற பகுதிகளிலும் இருந்தன. பால்டிமோர் அருகே இருந்த குவின் ஓக் பூங்கா தொடர் போராட்டத்துக்குப் பின் 1963 ஆகஸ்டில்தான் அனைவருக்கும் திறந்தது. அட்லாண்டாவின் 'ஃபன்டவுன்' பூங்கா தன் மகளுக்கு ஏன் மறுக்கப்படுகிறது என்பதை விளக்கத் தடுமாறிய தந்தையின் வேதனையை அதே ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் பதிவு செய்துள்ளார். எவ்வளவு சேமித்தாலும் பயனில்லாத குடும்பங்கள் அன்று இருந்தன என்பதை விட்டுவிட்டு இவ்வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

1955 ஜூலையில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில், ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த நிலத்தில், 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. தனித்தனி ராட்டினங்களின் தொகுப்பாக இல்லாமல், ஒரு கதை அல்லது ஒரு காலத்தை மையமாகக் கொண்ட நிலப்பகுதிகளாகப் பிரித்து அமைக்கப்பட்ட இத்தகைய இடமே பின்னர் 'தீம் பார்க்' எனப்பட்டது. தொடக்கத்தில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர், சிறுவர்க்கு ஐம்பது சென்ட். உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் பத்து முதல் முப்பத்தைந்து சென்ட் தனியே கட்ட வேண்டும். நுழையவும் காசு, ஒவ்வொரு முறை ஏறவும் காசு என்பது வருகையாளருக்கு ஓயாத தொல்லையாக இருந்ததால், அதே ஆண்டு அக்டோபரில் நுழைவும் எட்டுச் சவாரிகளும் அடங்கிய சீட்டுப் புத்தகம் பெரியவர்களுக்கு இரண்டரை டாலருக்கும் குழந்தைகளுக்கு ஒன்றரை டாலருக்கும் விற்பனைக்கு வந்தது.

இந்தச் சீட்டுப் புத்தகம் கேளிக்கை வணிகத்தின் நுட்பமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. சவாரிகள் முதலில் ஏ, பி, சி என மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டன. 1956இல் டி தரமும், மேட்டர்ஹார்ன் மலைச்சறுக்கு வண்டி, நீர்மூழ்கிப் படகு, ஒற்றைத் தண்டவாள ரயில் ஆகியவை திறக்கப்பட்ட 1959இல் இ தரமும் சேர்ந்தன. பிரதான வீதியில் செல்லும் குதிரை டிராம் ஏ தரத்தது, பத்து சென்ட் பெறுமானமுள்ளது. மேட்டர்ஹார்னுக்கோ இ சீட்டு வேண்டும். எல்லாரும் விரும்பும் சவாரிகளுக்கான சீட்டுகள் புத்தகத்தில் குறைவாகவும், ஆளில்லாத சவாரிகளுக்கானவை கையில் மிஞ்சும்படியும் அமைந்திருந்தமையால், கூட்டம் தானே பூங்கா முழுவதும் பரவியது. குடும்பத்துக்கோ இது ஒரு பங்கீட்டுப் பாடம்: அண்ணன் மேட்டர்ஹார்னில் இரண்டாம் முறை ஏற வேண்டுமானால் தங்கை தன் இ சீட்டை விட்டுக்கொடுக்க வேண்டும், அதற்கு ஈடாக அவளுக்கு இரண்டு சி சீட்டுகள் தரப்பட வேண்டும் என்ற வகைப் பேரங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் நடக்க வழியிருந்தது. பயன்படுத்தாமல் மிஞ்சிய ஏ, பி சீட்டுகள் பல ஆண்டுகள் வீட்டு மேசை இழுப்பறைகளில் கிடந்தன. சவாரி செய்யாத பாட்டியும் நுழைவுக் கட்டணம் மட்டும் செலுத்திப் பேரப்பிள்ளைகளோடு உலவி வரலாம் என்பதும் அம்முறையின் நன்மை. அதற்குப் பின் வந்த எந்த முறையும் இதை அவ்வளவு எளிதாக அனுமதிக்கவில்லை.

1961இல் டெக்ஸாஸின் ஆர்லிங்டனில் ஆங்கஸ் வின் திறந்த 'சிக்ஸ் ஃப்ளாக்ஸ்' பூங்கா, வாயிலில் ஒரே தொகை செலுத்தினால் உள்ளே எல்லாம் அடக்கம் என்ற முறையைப் பரவலாக்கியது. டிஸ்னி நிறுவனமோ வேறொரு திசையில் சிந்தித்துக்கொண்டிருந்தது. அனஹைமில் பூங்காவைச் சுற்றி முளைத்த மோட்டல்களும் உணவகங்களும் வருகையாளரின் பணத்தில் பெரும்பங்கைப் பெற்றன என்ற அனுபவத்தால், அந்நிறுவனம் ஃப்ளோரிடாவில் வேறு பெயர்களில் அமைதியாக ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலம் வாங்கி, 1971 அக்டோபரில் பூங்காவைத் தன் சொந்த ஓட்டல்களோடு சேர்த்தே திறந்தது. இங்குதான் ஒரு நாள் உலா பல நாள் விடுமுறையாக வளர்ந்தது; பிளாக்பூலில் பலர் கையில் சிதறிக் கிடந்த படுக்கை, உணவு, போக்குவரத்து, கேளிக்கை ஆகியவை ஒரே நிறுவனத்தின் விலைப்பட்டியலுக்குள் வந்தன. 1982இல் கலிஃபோர்னியாவிலும் சீட்டுப் புத்தகம் கைவிடப்பட்டு, 12 டாலர் கொடுத்து நாள் முழுவதும் எதிலும் ஏறலாம் என்றாயிற்று.

கைக்காசை எண்ணும் தொல்லை ஒழிந்தது உண்மைதான். ஆனால் முழுப்பணத்தையும் முன்னமே கொடுத்துவிட்ட குடும்பத்துக்குச் சிக்கனம் செய்ய எஞ்சியது நேரம் ஒன்றே. திறக்கும்போது நுழைந்து மூடும்போது வெளியேறுவதே கொடுத்த பணத்துக்கு நியாயம் செய்யும் வழியாயிற்று, புகழ்பெற்ற சவாரிகளின் வாயிலில் வரிசை நீண்டது. சீட்டுப் புத்தகம் அதுவரை செய்துவந்த கூட்டப் பங்கீட்டை இனி வரிசையில் காத்திருப்பதே செய்தது. வரிசையைக் கடந்து செல்ல நேரம் குறித்துத் தரும் 'ஃபாஸ்ட்பாஸ்' 1999இல் இலவசமாக வந்தது. 2021இல் அதன் இடத்தைக் கட்டண முறை பிடித்தது. மிகப் பெயர்பெற்ற சில சவாரிகளுக்குத் தனியே பணம் கட்டி முந்திச் செல்லலாம் என்றானபோது, பழைய இ சீட்டு நுழைவுக் கட்டணத்துக்கு மேற்பட்ட செலவாகத் திரும்பி வந்துவிட்டது எனலாம்.

1955ஆம் ஆண்டின் இறுதியில் பெற்றோர் இருவரும் சிறு குழந்தைகள் இருவரும் ஆளுக்கொரு சீட்டுப் புத்தகம் வாங்கியிருந்தால் 8 டாலர், வண்டி நிறுத்த 25 சென்ட். அன்றைய அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 75 சென்டாக இருந்ததால், அது பதினொரு மணி நேர உழைப்பு. 2024 இறுதியில் அதே பூங்காவில் உச்ச நாளின் கட்டணம் ஒருவருக்கு 206 டாலர்; நால்வருக்குச் சுமார் 800 டாலர் என்று கொண்டால், மணிக்கு 16 டாலர் என்ற கலிஃபோர்னியக் குறைந்தபட்ச ஊதியத்தில் ஐம்பது மணி நேர உழைப்பு. எட்டுச் சவாரிக்கும் எல்லையற்ற சவாரிக்கும் வேறுபாடு உண்டு என்பதையும், இன்றைய பூங்காவின் சவாரிகள் எண்ணிக்கையிலும் ஆக்கச் செலவிலும் மிகப் பெரியவை என்பதையும் ஒப்புக்கொண்டாலும், இந்த இடைவெளி சிறியதன்று. அதே 2024இல் மிகக் குறைந்த கட்டணமுள்ள நாளின் விலை 104 டாலர், அதாவது ஏறக்குறையப் பாதி. ஆகவே இன்று குடும்பம் முதலில் புரட்ட வேண்டியது கைப்பையை அன்று, நாள்காட்டியை. அந்த மலிவான நாள்களோ பெரும்பாலும் பள்ளி நடக்கும் வாரங்களின் நடுவே வருகின்றன. பள்ளி செல்லும் பிள்ளைகளுள்ள குடும்பங்கள் செல்லக்கூடிய கோடை விடுமுறை, கிறிஸ்துமஸ், வசந்தகால விடுமுறை ஆகிய காலங்களிலோ கட்டணம் உச்சத்தை நெருங்குகிறது.